இருபது கிலோ மணல்

மூட்லி வீட்டுச் சோபா பெர்த்துக்குக் கப்பலில் போனது.
நாய் விமானத்தில் போனது.
மீன்தொட்டி எங்கும் போகவில்லை.
அறுநூறு ரேண்டுக்கு என் வீட்டுக்கு வந்தது,
இரண்டு தெரு தள்ளி, அதே சாட்ஸ்வொர்த்தில்,
ஐந்து குட்டிக் கெளுத்திகளோடு,
அடியில் நீலச் சாயம் பூசிய சரளையோடு.

நீலம் அந்த வீட்டில் யாருக்குப் பிடித்ததோ.
கெளுத்திக்குப் பிடித்திருக்காது.
தரையை முகர்ந்து முகர்ந்தே தின்கிற பிராணி;
கூர்க்கல்லில் நாளெல்லாம் உரசி
மீசை பாதியாகிவிட்டது.
ஒன்றுக்கு மீசையே இல்லை,
சவரம் செய்த இடம்போல இரண்டு புள்ளிகள்.

பேவியூ ஹார்ட்வேர் கடையில்
நீச்சல்குள வடிகட்டிக்குப் போடும் மணல், இருபது கிலோ மூட்டை.
"அங்கிள், உங்க வீட்டில குளம் இருக்கா?"
கல்லாப் பெண் கேட்டாள்.
இருக்கிறது, நாலடி, என்றேன்.

சனிக்கிழமை. கொல்லைக் குழாயில்
பதினோரு வாளி கழுவினேன்.
எந்த அரிசியும் என்னிடம் இத்தனை தண்ணீர் கேட்டதில்லை.
மதில்மேல் இரண்டு குரங்குகள் வந்து உட்கார்ந்தன.
மீன் இருந்த வாளியை ரொட்டிக்கல்லால்
முக்கால்வாசி மூடினேன்.
"மீனுக்கு மெத்தை போடுறியா" என்றாள் ரொஷீலா.
"நம்ம மெத்தையில ஸ்பிரிங் குத்த ஆரம்பிச்சு ஏழு வருஷம்."

சரளையை அள்ள அள்ள
அழுகிய முட்டை வாடை.
தின்னாத தீனி, நத்தை ஓடு, யாரோ விட்டெறிந்த பொத்தான்,
கடைசி அள்ளலில் ஒரு சாவி,
துருவில் வீங்கி, பல் மழுங்கி.

மூட்லிக்குப் படம் அனுப்பினேன்.
அங்கே பொழுது சாய்ந்திருக்கும். உடனே பதில்:
"முன்கதவுச் சாவி! சின்னவள் வேலை.
வீட்டை விற்கிறோம்னு சொன்ன வாரம்
எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா?"
அப்புறம் எழுதுவதும் நிறுத்துவதுமாய்
மூன்று புள்ளிகள் கொஞ்ச நேரம்.
அப்புறம் ஒன்றுமில்லை.

நாலு மணிக்கே மின்சாரம் போனது.
அட்டவணையில் ஆறு என்றுதான் இருந்தது.
வாளியில் குமிழி நின்றது.
தேநீர்க் கோப்பையால்
முகந்து, உயர்த்தி, ஊற்றி,
முகந்து, உயர்த்தி, ஊற்றி
இரண்டரை மணி நேரம் நானே காற்றானேன்.
பாதியில் ரொஷீலா
ஒன்றும் சொல்லாமல் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.
அவள் ஊற்றும்போது தண்ணீரின் சத்தம் வேறாக இருந்தது.

இருட்டிலேயே மணலை இறக்கினேன்,
குவளை குவளையாக, முழங்கை நனைய.
அதன்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு, தட்டின்மேல் தண்ணீர்.
அப்படியும் கலங்கியது.
டார்ச் வெளிச்சம் உள்ளே போகாமல்
கண்ணாடியிலேயே சுவராக நின்றது.

பழைய சரளையில் ஒரு பிடி மட்டும்
அவளுடைய ஸ்டாக்கிங் ஒன்றில் கட்டி மூலையில் போட்டேன்.
தண்ணீரை உயிருக்கு ஏற்றதாக்கும் கிருமிகள்,
கண்ணுக்குத் தெரியாதவை,
அந்த அசிங்கமான நீலக் கல்லில்தான் குடியிருக்கின்றன.
மூன்று வாரம் கிடந்தால்
மெல்ல இறங்கிப் புதுத் தரையில் பரவிக்கொள்ளுமாம்.
பிறகு எடுத்து எறிந்துவிடலாமாம்.
எறிவேனா, தெரியவில்லை.

திங்கள் காலை தண்ணீர் தெளிந்திருந்தது.
சாவி ஜன்னல் விளிம்பில் காய்ந்துகொண்டிருந்தது.
நான்கு கெளுத்திகள் அந்த முடிச்சை ஒட்டியே கிடந்தன.
மீசையில்லாதது மட்டும் நடுவில்.
ஒருமுறை தரையைத் தொட்டது. விலகியது. திரும்பி வந்தது.
பிறகு தலையைக் கண்வரை மணலில் புதைத்தது;
செவுள் வழியே மணல்
மெல்லிய புகையாக வெளியேறியது.
மறுபடி புதைத்தது.

ரொஷீலா, ஓடி வா, என்று கத்தினேன்.
அவள் வரவில்லை.
பேங்குக்கு நேரமாகிவிட்டது,
உள்ளே இழுப்பறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்து மூடுகின்றன:
"இங்கதானே வச்சேன்,
ஜோடியில ஒண்ணு எங்க?"